டெக்சாஸில் தூண்டில் போட உரிமம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் விடுமுறை வந்ததும் ஏரிக்கரை தேடிப் போகிறவர்கள் பலர். ஊரில் கண்மாயிலும் வாய்க்காலிலும் மூங்கில் கழியில் நரம்பு கட்டி, மண்புழு கோத்துப் பழகியவர்கள் அவர்கள். யாரிடமும் கேட்காமல் தூண்டில் போட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே முதலில் எதிர்ப்படுவது உரிமம். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பொழுதுபோக்காகவும் வீட்டுச் சமையலுக்காகவும் பிடிப்பது பற்றி மட்டும்தான் பேச்சு. கட்டணமும் அளவு விதிகளும் செப்டம்பர்தோறும் மாறக்கூடியவை என்பதால், வாங்கும் நாளில் டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உரிமம் யாருக்குத் தேவை?

17 வயது நிரம்பி, டெக்சாஸின் பொது நீர்நிலையில் மீன் பிடிக்கும் எவருக்கும் தேவை. பிடிக்க முயன்றாலே போதும். மீன் சிக்கியிருக்க வேண்டும் என்பதில்லை. "நான் பிடித்ததும் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறேனே" என்று சொல்பவர்களுக்கும் இதே விதிதான். கடற்கழியில் கோழிக்காலைக் கயிற்றில் கட்டி நண்டு பிடிப்பதற்கும் உரிமம் வேண்டும். மனைவி தூண்டில் போட, கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார் என்றால் அவரிடம் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அவர் கழியை வாங்கித் தானே வீசினால் அவருக்கும் தனி உரிமம் இருக்க வேண்டும். குடும்ப உரிமம் என்று ஒன்று கிடையாது.

யாருக்குத் தேவையில்லை?

17 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தேவையில்லை. அவர்கள் வெளிமாநிலமாக இருந்தாலும் வெளிநாடாக இருந்தாலும் சரி. 1931 ஜனவரி 1-க்கு முன் பிறந்தவர்களுக்கும் தேவையில்லை. அறிவுசார் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் சில நிபந்தனைகளோடு விலக்கு இருக்கிறது. 65 வயது தாண்டிய டெக்சாஸ்வாசிகளுக்கு முழு விலக்கு இல்லை, கட்டணச் சலுகை மட்டும் உண்டு.

தனியார் நிலத்துக்குள் முழுமையாக அடங்கிய குளம் பொது நீர்நிலை ஆகாது. நண்பரின் பண்ணைக்குட்டையில் அவர் அனுமதியோடு தூண்டில் போடலாம்.

பணம் கட்டாமல் ஒருமுறை முயன்று பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். மாநிலப் பூங்காக்களின் எல்லைக்குள் கரையிலோ துறைமேடையிலோ நின்று மீன் பிடிக்க உரிமம் வேண்டாம். பூங்கா நுழைவுக் கட்டணம் மட்டும் கட்ட வேண்டும். கழியும் முள்ளும்கூட இல்லையா? பல பூங்காக்களில் தூண்டில் சாமான்களை இலவசமாக இரவல் தருகிறார்கள்; ஏழு நாள் வரை வைத்திருக்கலாம். எந்தப் பூங்காவில் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தின் முதல் சனிக்கிழமை இலவச மீன்பிடி நாள். அன்று மாநிலம் முழுவதும் எந்தப் பொது நீர்நிலையிலும் உரிமமின்றித் தூண்டில் போடலாம். உரிமத்துக்குத்தான் அன்று விடுமுறை. அளவு விதியும் எண்ணிக்கை வரம்பும் அன்றும் உண்டு.

கலிபோர்னியாவிலிருந்து மாறி வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கடலோரப் பொதுத் துறைமேடைகளில் உரிமமின்றி மீன் பிடிக்கலாம். டெக்சாஸில் அந்தச் சலுகை இல்லை. கால்வெஸ்டனில் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் மீன்பிடித் துறைமேடையிலும் உங்கள் உரிமம் கையில் இருக்க வேண்டும். அதே தீவில் இருக்கும் கால்வெஸ்டன் ஐலண்ட் மாநிலப் பூங்காவுக்குள் வேண்டியதில்லை.

எந்த உரிமத்தை வாங்குவது? பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

நீங்கள் எங்கே நிற்கப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஏரி, ஆறு என்றால் நன்னீர் உரிமம், 30 டாலர். கடலும் கழிமுகமும் என்றால் உவர்நீர் உரிமம், 35 டாலர். இரண்டுக்கும் சேர்த்து 40 டாலர். இவை டெக்சாஸில் குடியிருப்பவர்களுக்கான விலை. மூத்தோருக்கு இவையே 12, 17, 22 டாலர். வெளியூர்க்காரர்களுக்கு 58, 63, 68 டாலர்.

ஒரே ஒரு நாளைக்கு என்றால் எல்லா நீருக்கும் செல்லும் ஒருநாள் உரிமம் இருக்கிறது: குடியிருப்பவருக்கு 11 டாலர், மற்றவருக்கு 16 டாலர். ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் போவதாக இருந்தால் ஒருநாள் உரிமம் கட்டாது. வேட்டையும் சேர்ந்த கூட்டு உரிமத்தைக் கடைக்காரர் சொல்லிப் பார்ப்பார். துப்பாக்கி தூக்கும் எண்ணம் இல்லையென்றால் அது உங்களுக்கு எதற்கு?

டாலஸ், ஆஸ்டின் பகுதியில் இருப்பவர்களுக்கு நன்னீர் உரிமம் போதும். ஹூஸ்டனில் இருப்பவர்கள் 40 டாலர் உரிமத்தை வாங்கிவிடுவதே நல்லது. அங்கிருந்து கடல் ஒரு மணி நேரத் தொலைவுதான்.

எந்த மாதத்தில் வாங்குவது லாபம்?

சாதாரண ஆண்டு உரிமம் வாங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குச் செல்வதில்லை. எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். புதிய ஆண்டுக்கான விற்பனை ஆகஸ்ட் 15 வாக்கில் தொடங்கும். ஜூலையில் 30 டாலர் கொடுத்து வாங்கினால் இரண்டு மாதம்கூடக் கையில் நிற்காது.

இதற்காகவே, வாங்கிய நாளிலிருந்து முழு ஆண்டுக்குச் செல்லும் எல்லா நீர் உரிமம் ஒன்று 47 டாலருக்குக் கிடைக்கிறது. இது டெக்சாஸ்வாசிகளுக்கு மட்டும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு தூண்டில் போடத் தொடங்குகிறவர்கள் இதைத்தான் வாங்க வேண்டும். ஏழு டாலர் கூடுதல் என்று தயங்காதீர்கள். ஆகஸ்ட் இரண்டாம் பாதியில் கடைக்குப் போகிறவர்கள், தங்களுக்குத் தருவது நடப்பாண்டு உரிமமா அடுத்த ஆண்டினுடையதா என்று கேட்டு வாங்குங்கள்.

வேலை விசாவில் இருக்கிறேன். நான் டெக்சாஸ்வாசியா, வெளியாளா?

இந்தக் கேள்விக்கும் குடியுரிமைக்கும் தொடர்பே இல்லை. உரிமம் வாங்கும் நாளுக்கு முன் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து டெக்சாஸில் வசித்திருந்தால் நீங்கள் டெக்சாஸ்வாசி. எச்1பி விசாவில் இருப்பவரும், அவருடைய மனைவியும், பல்கலைக்கழக மாணவரும் இந்தக் கணக்கில் வரலாம். இதைக் காட்ட டெக்சாஸ் ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவு, கடந்த ஆறு மாத மின்கட்டண ரசீதுகள், சம்பளச் சீட்டுகள், வருமான வரித் தாக்கல் போன்றவை ஏற்கப்படுகின்றன.

கடந்த மாதம்தான் நியூ ஜெர்சியிலிருந்து வந்தீர்கள் என்றால் வெளியாள் விலைதான். அதைக் கட்ட மனமில்லாவிட்டால், ஆறு மாதம் நிறையும்வரை மாநிலப் பூங்காக்களுக்குப் போங்கள். பொய் சொல்லி டெக்சாஸ்வாசி உரிமம் வாங்குவது உரிமமே இல்லாமல் பிடிப்பதைவிட மோசம். விசாவில் இருக்கும் ஒருவர் இப்படி ஓர் அற்பக் காரணத்துக்காகத் தன் பெயரில் வழக்குப் பதிவாக இடம் கொடுக்கக் கூடாது.

அப்பா, அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு?

சுற்றுலா விசாவில் வந்தவர்கள் வெளியாட்கள். அப்பாவுக்கு 70 வயது என்றாலும் மூத்தோர் சலுகை டெக்சாஸ்வாசிகளுக்குத்தான். ஒருநாள் உரிமம் 16 டாலர். நான்கு முறை ஏரிக்குப் போனால் 64 டாலர் ஆகிவிடும். அதற்கு ஆண்டுக்கான 58 டாலர் நன்னீர் உரிமமே மேல். ஆறு மாதம் தங்க வந்த பெரியவர்களுக்குப் பகலில் வீடு சிறை போல இருக்கிறது. ஊரில் ஆற்றங்கரையில் பொழுது கழித்த மனிதருக்கு வாரம் ஒருநாள் தண்ணீர் ஓரமாக உட்கார வழி செய்து கொடுப்பது அந்தப் பணத்துக்குத் தகும். நடக்கச் சிரமப்படுகிறவர் என்றால் மாநிலப் பூங்காவின் துறைமேடை இன்னும் வசதி. உட்கார நாற்காலி கொண்டுபோய்விட்டால் போதும், உரிமமும் வேண்டியதில்லை.

அடையாளத்துக்கு பாஸ்போர்ட் தேவைப்படும். அவர்களுக்கு வாங்கும்போது இணையத்தைவிட நேரே கடைக்குப் போவது எளிது.

மீன் பிடிக்க சமூகப் பாதுகாப்பு எண்ணை ஏன் கேட்கிறார்கள்?

நியாயமான சந்தேகம். இது டெக்சாஸ் தானாகக் கேட்பதல்ல. விவாகரத்துக்குப் பின் பிள்ளைகளின் பராமரிப்புத் தொகையைக் கட்டாமல் தப்பிக்கிறவர்களைப் பிடிப்பதற்காக 1996-இல் வந்த சமூகநலச் சீர்திருத்தச் சட்டத்தின் வழியில், பொழுதுபோக்கு உரிமங்களுக்கும் இந்த எண்ணைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு விதித்தது. தொகை நிலுவை வைத்திருப்பவரின் மீன்பிடி உரிமத்தை நிறுத்திவைக்கவும் டெக்சாஸ் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிள்ளைக்குச் சோறு போடாதவன் ஏரியில் உல்லாசமாக இருக்கக் கூடாது என்ற எண்ணம் எனக்குச் சரியாகவே படுகிறது.

அந்த எண்ணே இல்லாதவர்கள், அதாவது வேலை அனுமதி இல்லாத துணைவர்கள், விருந்தாளிகள், தங்களுக்கு எண் இல்லை என்று தெரிவித்து வெளிநாட்டு பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம்.

எங்கே வாங்குவது? எதைக் கையில் வைத்திருக்க வேண்டும்?

துறையின் இணையதளத்தில் வாங்கலாம், தொலைபேசியில் வாங்கலாம். இவற்றுக்கு 5 டாலர் சேவைக் கட்டணம் சேரும். வால்மார்ட், அகாடமி போன்ற கடைகளிலும் ஏரியோரத் தூண்டில் கடைகளிலும் அதே இடத்தில் அச்சிட்டுத் தருகிறார்கள். ஏரியோரக் கடையில் வாங்குவதில் ஒரு நன்மை: இந்த வாரம் மீன் எதைக் கடிக்கிறது, எந்தப் பக்கம் நிற்கலாம் என்று சொல்லி அனுப்புவார்கள்.

உரிமத்தின் படமோ மின்னஞ்சல் ரசீதோ போனில் இருந்தால் ஏரி மீனுக்குப் போதும். கடலில் பெரிய ரெட்ஃபிஷ் மீன் பிடித்தால் அதன் உடலில் கட்ட வேண்டிய அடையாளச் சீட்டு காகித உரிமத்தோடுதான் வரும். ஆகவே கடலுக்குப் போகிறவர்கள் காகிதத்தையே எடுத்துச் செல்லுங்கள். டிஜிட்டல் உரிமம் எடுத்தவர்கள் சீட்டுக்குப் பதிலாக அந்த மீனைத் துறையின் செயலியில் பதிவு செய்ய வேண்டும். கூடவே ஓட்டுநர் உரிமம் போன்ற அடையாள அட்டையும் வேண்டும். இதைப் பலர் காரிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

ஏரி யாருடையது? நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

கொஞ்சம் கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான்.

நம் ஊர்க் கண்மாயில் மீன் பாசிக் குத்தகை எடுத்தவர் மீனுக்கு உரியவர் ஆகிவிடுவார். மற்றவர்கள் கரையில் நின்று பார்க்கலாம். டெக்சாஸ் சட்டப்படி பொது நீர்நிலையில் உள்ள மீன் மாநில மக்கள் அனைவரின் சொத்து. யாரும் குத்தகைக்கு எடுத்து வளைத்துப் போட முடியாது. அந்தப் பொதுச் சொத்தைப் பேணும் செலவை, அதிலிருந்து எடுத்துக்கொள்கிறவர்கள் ஏற்கிறார்கள். உரிமத்தின் பொருள் அவ்வளவுதான்.

இதன் பின்னால் இருக்கும் ஏற்பாடு 1950-இல் வந்த டிங்கெல்–ஜான்சன் சட்டம். தூண்டில் கழி, சுருள், முள், போலி இரை என்று நீங்கள் வாங்கும் பெரும்பாலான சாமான்களின் விலைக்குள் 10 சதவீத ஒன்றிய வரி அடங்கியிருக்கிறது. உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் அதைக் கட்டுகிறார்கள். 1984-இல் செய்த திருத்தத்தால் மோட்டார் படகு எரிபொருள் வரியும் இந்த நிதியில் சேர்ந்தது. இந்தப் பணம் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும் கணக்கைப் பாருங்கள்: 60 சதவீதம், அந்த மாநிலத்தில் உரிமம் வாங்கியவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது, 40 சதவீதம் பரப்பளவைப் பொறுத்தது. எந்த மாநிலத்துக்கும் 5 சதவீதத்துக்கு மேல் இல்லை, 1 சதவீதத்துக்குக் கீழே இல்லை. அலாஸ்கா, கலிபோர்னியா, டெக்சாஸ் மூன்றும் அந்த உச்ச வரம்பில் இருப்பவை.

இதில் மிக முக்கியமான நிபந்தனை ஒன்று: மீன்பிடி உரிமக் கட்டணத்தை மாநில அரசு வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது. திருப்பினால் ஒன்றிய நிதியை இழக்க நேரும். நீங்கள் கட்டும் 30 டாலர் சாலைக்கோ அலுவலகக் கட்டடத்துக்கோ போகாமல் மீனுக்குப் போக வேண்டும் என்று சட்டமே காவல் நிற்கிறது. இப்படிக் கட்டிப்போட்ட ஒரு நிதி எழுபது ஆண்டுக்கு மேல் தாங்கி நிற்பதை நான் மதிக்கிறேன். நம் ஊர் நீர்நிலைகளுக்கும் இப்படி ஒன்று வாய்க்காதா என்ற ஆசை எனக்கு உண்டு.

பலனைக் கண்ணால் பார்க்க விரும்பினால் ஏதென்ஸ் நகரில் உள்ள டெக்சாஸ் நன்னீர் மீன்வள மையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். 13 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள பாஸ் மீனைப் பிடித்தவர்கள் இனப்பெருக்கத்துக்காக இரவல் கொடுக்கும் ஷேர்லங்கர் திட்டம் 1986 முதல் நடக்கிறது. அதில் முதலில் வந்தது லேக் ஃபோர்க் ஏரியில் சிக்கிய 17.67 பவுண்டு மீன். 1992-இல் அதே ஏரியில் பிடிபட்ட 18.18 பவுண்டு மீனின் மாநிலச் சாதனை இன்னும் நிற்கிறது.

அளவு விதி, எண்ணிக்கை வரம்பு என்றால் என்ன?

உரிமம் வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் பெரும்பாலும் அபராதம் கட்டுகிறார்கள். உரிமம் தூண்டில் போட அனுமதிக்கிறது. எந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பதை அளவும் எண்ணிக்கையும் முடிவு செய்கின்றன.

லார்ஜ்மவுத் பாஸ்: மாநிலப் பொதுவிதிப்படி குறைந்தது 14 அங்குலம், நாளைக்கு 5. கிராப்பி: 10 அங்குலம், நாளைக்கு 25. சேனல், புளூ என்ற இருவகைக் கெளுத்திகள்: சேர்த்து 25, அவற்றில் 20 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளவை பத்தைத் தாண்டக் கூடாது. கடலில் ரெட்ஃபிஷ் என்னும் ரெட் டிரம்: 20 முதல் 28 அங்குலத்துக்குள் இருப்பது மட்டும், நாளைக்கு 3. அதைவிடப் பெரியது வேண்டுமென்றால்தான் நான் முன்பு சொன்ன சீட்டு. பல ஏரிகளுக்குத் தனி விதி உண்டு. போகும் ஏரியின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்காமல் காரை எடுக்காதீர்கள்.

நடுத்தர அளவை மட்டும் எடுக்கச் சொல்வது ஏன் என்று கேட்கிறார்கள். சிறியது இன்னும் முட்டையிடவில்லை. மிகப் பெரியது அதிகம் முட்டையிடும் தாய். இரண்டையும் விட்டுவைத்தால் அடுத்த ஆண்டும் மீன் இருக்கும்.

அளக்கும் முறை: மீனைத் தட்டையான அளவுப் பலகையில் கிடத்தி, வாயை மூடி, வாலின் இரு இதழ்களையும் சேர்த்துப் பிடித்து மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளக்க வேண்டும். வளைந்த உடலின் மேல் டேப்பை ஓட்டக் கூடாது. ஒரு நாள் வரம்பின் இரு மடங்குவரை சேர்த்து வைத்திருக்கலாம். நம்மவர்கள் கரையிலேயே தலையை அறுத்துக் குடலை எடுத்துச் சுத்தம் செய்துவிடுகிறார்கள். அளவு விதி உள்ள மீனின் தலையையும் வாலையும் படகிலோ துறைமேடையிலோ எடுக்கக் கூடாது. அளக்க முடியாமல் போய்விடும். வெட்டுவதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரம்பு ஆளுக்கு ஆள் தனி. மகனின் பங்கையும் அப்பாவே பிடித்து நிரப்புவது குற்றம். உரிமம் தேவைப்படாத பிள்ளைக்கும் இதே வரம்புதான்.

விதிகள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன?

மீனின் நிலை மாறுவதால். 2021 பிப்ரவரியில் வந்த உறைபனி நினைவிருக்கும். மின்சாரம் இல்லாமல் வீடுகளில் குழாய் வெடித்த வாரம். அதே வாரத்தில் டெக்சாஸ் கடற்கழிகளில் குறைந்தது 38 லட்சம் மீன்கள் செத்து மிதந்தன என்று துறை மதிப்பிட்டது. ஸ்பாட்டட் சீட்ரவுட் மீன் பலமாக அடிபட்டது. அவசர விதியாக வரம்பைக் குறைத்தார்கள். 2024-இல் 15 முதல் 20 அங்குலம்வரை, நாளைக்கு 3 என்று நிலைப்படுத்தினார்கள். முன்பு ஐந்து கொண்டுவந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் முணுமுணுக்க இடமில்லை.

ரெட்ஃபிஷ் கதை இன்னும் தெளிவானது. 1970-களில் அது மிகவும் குறைந்துபோனது. 1981-இல் டெக்சாஸ் சட்டமன்றம் தன் நீரில் பிடித்த ரெட்ஃபிஷையும் சீட்ரவுட்டையும் விற்பதற்குத் தடை போட்டது. பிறகு குஞ்சுப் பொரிப்பகங்கள் வந்தன. அவற்றில் ஒன்றான லேக் ஜாக்சனின் சீ சென்டர் டெக்சாஸை இன்றும் இலவசமாகப் போய்ப் பார்க்கலாம். இன்று கால்வெஸ்டன் கரையில் நின்று உங்கள் பிள்ளை ஒரு ரெட்ஃபிஷை இழுக்கிறான் என்றால் அந்த முடிவின் பலன்தான் அது.

வீச்சு வலை பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், நீங்கள் நினைக்கும் காரியத்துக்கு அல்ல. வலையின் விட்டம் 14 அடிக்கு மேல் இருக்கக் கூடாது. பாஸ், கெளுத்தி, கிராப்பி, ட்ரவுட், ரெட்ஃபிஷ் போன்ற விளையாட்டு மீன் என்று பட்டியலிட்ட எதையும் வலையில் எடுக்கக் கூடாது. சிக்கினால் உடனே விட்டுவிட வேண்டும். இரைமீன், கெண்டை போன்றவற்றுக்கு மட்டும். நகர எல்லைக்குள் இருக்கும் 75 ஏக்கருக்கு உட்பட்ட சமூக மீன்பிடி ஏரிகளில் வலையே கூடாது; தூண்டில் கழி மட்டும், அதுவும் ஆளுக்கு இரண்டு.

விரால், ஜிலேபிக் கெண்டை கிடைக்குமா?

விராலை மறந்துவிடுங்கள். அதன் இனம் முழுவதையும் 2002-இல் ஒன்றிய அரசு தீங்கு விளைவிக்கும் உயிரினப் பட்டியலில் சேர்த்தது. உயிரோடு இறக்குமதி செய்வதும், டெக்சாஸில் உயிரோடு வைத்திருப்பதும் சட்டவிரோதம். குட்டையில் விட்டு வளர்க்கலாம் என்ற யோசனையைக் கேள்விப்பட்டால் உடனே தடுத்துவிடுங்கள். காற்றைச் சுவாசித்துத் தாக்குப்பிடிக்கும் அந்த மீன் ஓர் ஏரிக்குள் நுழைந்துவிட்டால் வெளியேற்றுவது மிகவும் கடினம்.

ஜிலேபிக் கெண்டை, அதாவது திலாப்பியா, மின் நிலையங்களின் வெந்நீர் விழும் சில ஏரிகளில் கிடைக்கும். எண்ணிக்கை வரம்பு இல்லை. உயிரோடு மட்டும் கொண்டுபோகக் கூடாது. பிடித்ததும் குடலை எடுத்துவிடுங்கள். சாதாக் கெண்டைக்கும் மாநிலப் பொதுவிதியில் வரம்பு இல்லை. ஆஸ்டினின் லேடி பேர்ட் ஏரியில் 33 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள கெண்டை நாளைக்கு ஒன்றுதான்.

லேக் டெக்சோமாவுக்கு டெக்சாஸ் உரிமம் செல்லுமா?

டெக்சாஸ் பக்கத்தில் மட்டும் செல்லும். அந்த ஏரியின் பெரும்பகுதி ஓக்லஹோமாவுக்குள் இருக்கிறது. படகில் போனால் எல்லை எங்கே என்று தெரியாது. 12 டாலருக்குத் தனி டெக்சோமா உரிமம் இருக்கிறது. அது ஏரி முழுவதற்கும் செல்லும், டிசம்பர் 31 அன்று முடியும்.

வாடகைப் படகில் வழிகாட்டியோடு கடலுக்குப் போகிறோம். படகுக்காரரின் உரிமம் போதாதா?

போதாது. படகில் தூண்டில் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் உவர்நீர் அனுமதியோடு கூடிய உரிமம் வேண்டும். வேறு சில மாநிலங்களில் படகின் உரிமம் எல்லோரையும் மூடிக்கொள்ளும் என்பதால் இந்தக் குழப்பம். கரையிலிருந்து ஒன்பது கடல் மைல்வரை டெக்சாஸ் நீர். அதைத் தாண்டினால் ஒன்றிய அரசின் விதிகளும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கணக்கைப் படகுத் தலைவரிடம் கேளுங்கள்.

வார்டன் வந்து சோதித்தால் என்ன செய்வது?

நின்று பதில் சொல்லுங்கள். கேம் வார்டன்கள் முழு அதிகாரம் பெற்ற காவல் அதிகாரிகள். உரிமத்தைக் கேட்கவும், குளிர்பெட்டியைத் திறந்து மீனை அளந்து பார்க்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. உரிமம் இல்லாமல் பிடிப்பதற்கு 25 முதல் 500 டாலர்வரை அபராதம். சட்டத்துக்கு மாறாகப் பிடித்த மீனின் மதிப்பையும் சேர்த்து வசூலிக்கலாம். தோல் நிறத்தைப் பார்த்துத்தான் சோதிக்கிறார்களோ என்ற அச்சத்தோடு சிலர் என்னிடம் கேட்டதுண்டு. கரையில் வரிசையாக எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே வருவதுதான் அவர்களின் வழக்கமான வேலை முறை. உரிமம், அடையாள அட்டை, அளவுக்குள் இருக்கும் மீன் இவை மூன்றும் இருந்தால் இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிடுவார்கள். ஐயமான ஒரு மீனைப் பற்றி அவர்களிடமே கேட்கலாம், பொறுமையாகச் சொல்வார்கள்.

பிடித்த மீனைச் சாப்பிடலாமா?

பெரும்பாலான ஏரிகளில் தாராளமாக. சில இடங்களில் பாதரசமோ பிசிபி என்னும் நச்சுப்பொருளோ இருப்பதால் மாநிலச் சுகாதாரத் துறை எச்சரிக்கை விட்டிருக்கிறது. கேடோ ஏரியின் லார்ஜ்மவுத் பாஸ், ஹூஸ்டன் கப்பல் கால்வாயின் கெளுத்தியும் நண்டும் இந்தப் பட்டியலில் வருகின்றன. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் இந்தப் பட்டியலைப் பார்க்காமல் குழம்பு வைக்காதீர்கள். மீன் குழம்புக்குக் கெளுத்தி பொருந்தும். சிறியதாகப் பார்த்து எடுங்கள், நச்சு சேர்வதும் பெரிய மீனில்தான் அதிகம்.

பிடித்ததை விற்கக் கூடாது. அடுக்ககத்தில் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். காசு வாங்கினால் குற்றம்.

பிள்ளைகளோடு முதல்முறை எங்கே போவது?

உங்கள் ஊருக்குள் இருக்கும் சமூக ஏரிக்கு. நெய்பர்ஹுட் ஃபிஷிங் என்ற திட்டத்தில் துறையே நகரப் பூங்கா ஏரிகளில் கோடையில் கெளுத்தியும் குளிர்காலத்தில் ரெயின்போ ட்ரவுட்டும் கொண்டுவந்து விடுகிறது. கெளுத்திக்கு இங்கே அளவு விதி இல்லை, நாளைக்கு 5. ட்ரவுட்டும் நாளைக்கு 5. ட்ரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். டெக்சாஸ் கோடையில் அந்த ஏரிகளில் பிழைக்காது. ஆகவே அதை எடுத்துச் சமைப்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். மீன் விடும் தேதிகளைத் துறை முன்கூட்டியே வெளியிடுகிறது; அதற்கு அடுத்த சனிக்கிழமை காலையில் போங்கள்.

சின்ன முள், ஒரு மிதவை, மண்புழு அல்லது பதப்படுத்திய சோளம். இவ்வளவு போதும். அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள். பறவையின் காலில் சுற்றிக்கொள்ளும். பல மீன்பிடி இடங்களில் அதைப் போட வெள்ளைக் குழாய்ப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக் குப்பையில், சிறு துண்டுகளாக வெட்டிப் போடுங்கள்.